சிறிய ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. தடயவியல்: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இப்போது சிறிய ஊர்களில் உள்ள தனியார் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பி.எஸ்சி. தடயவியல் வந்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் (கு.ந.ச.) பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவும் இதற்கு ஒரு காரணம். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மாநில அரசுகள் ஐந்து ஆண்டுக்குள் இதை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். ஆள் தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு இந்தப் பட்டம் மட்டும் போதும் என்று அட்மிஷன் மேசையில் சொல்வார்கள், அது உண்மையல்ல.

சிறிய கல்லூரி என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். வகுப்பில் இருபது பேர் இருந்தால் மைக்ரோஸ்கோப் உங்கள் கைக்கு வரும். எண்பது பேர் இருந்தால் எட்டித்தான் பார்க்க முடியும். எதைச் சரிபார்த்துச் சேர்வது, சேர்ந்த பின் மூன்று ஆண்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கீழே வரிசையாகப் பாருங்கள்.

1. பட்டத்தின் பெயரையும் அஃபிலியேஷனையும் (பல்கலைக்கழக இணைப்பு) எழுத்தில் பாருங்கள்

விளம்பரத்தில் ‘தடயவியல் படிப்பு’ என்று மட்டும் இருக்கும். உள்ளே போனால் அது பி.எஸ்சி. தடயவியலாக இருக்கலாம், குற்றவியலோடு சேர்ந்த பட்டமாக இருக்கலாம், பி.வொக். (தொழிற்கல்வி இளநிலைப் பட்டம்) ஆக இருக்கலாம், வெறும் டிப்ளமோவாகவும் இருக்கலாம். பி.வொக். பட்டம்தான். ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று கேட்கும் வேலைகளுக்குச் செல்லும். ஆனால் எம்.எஸ்சி. சேர்க்கையில் ‘பி.எஸ்சி.’ என்று குறிப்பிட்டுக் கேட்கும் இடங்களில் சிக்கல் வரும். டிப்ளமோவை வைத்து முதுகலைக்குப் போக முடியாது.

கல்லூரிக்கு அஃபிலியேஷன் இருப்பது வேறு, இந்தப் பாடப்பிரிவுக்கு இருப்பது வேறு. பல்கலைக்கழகம் இந்தப் பாடப்பிரிவுக்குக் கொடுத்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். அதில் பாடப்பிரிவின் பெயரும் எந்தக் கல்வியாண்டு முதல் என்பதும் இருக்கும். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்றால் அந்த ஆண்டு அங்கே சேர வேண்டாம்.

அடுத்தது பலரும் மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகுதான் கேள்விப்படுவது: சமநிலை அரசாணை. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் ‘பி.எஸ்சி. வேதியியல்’ என்று இருந்து உங்கள் பட்டம் ‘பி.எஸ்சி. தடயவியல்’ என்றால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணை வேண்டும். அதுவும் அறிவிப்பு வரும் தேதிக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்துக்கு அப்படி ஓர் ஆணை உண்டா, எந்தப் பாடத்துக்குச் சமம் என்று சொல்கிறது என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். அரசாணை எண்ணைச் சொல்லத் தெரிந்த துறைத்தலைவர் இருந்தால் அந்தக் கல்லூரியைப் பற்றி அதுவே ஒரு நல்ல செய்தி.

இன்னொன்று: இந்தப் படிப்பு பொதுவாக ஆங்கில வழியில்தான் நடக்கிறது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளுக்குத் தமிழ்வழிக் கல்வி இடஒதுக்கீடு வேண்டுமென்றால் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

2. லேப்பை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

வேலைநாளில், பிராக்டிகல் நடக்கும் நேரத்தில் போங்கள். சம்பவ இட மாதிரியாக ஒரு பொம்மையைப் படுக்கவைத்து மஞ்சள் டேப் கட்டியிருப்பார்கள். அது போட்டோவுக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மாணவர் எண்ணிக்கைக்குப் போதுமான காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப், ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், முடிந்தால் இரண்டு மாதிரிகளை அருகருகே ஒப்பிட உதவும் ஒரு கம்பாரிசன் மைக்ரோஸ்கோப், 254 மற்றும் 365 நானோமீட்டர் விளக்குகள் உள்ள யூ.வி. கேபினட், கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. சோதனைக்கான தகடுகளும் சேம்பரும், விரல்ரேகைப் பவுடர், பிரஷ், லிஃப்டிங் டேப், வேலை செய்யும் ஃபியூம் ஹூட் (ரசாயன ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி). ஹூட்டைப் போடச் சொல்லி ஒரு டிஷ்யூ பேப்பரை அதன் திறப்பருகே பிடியுங்கள். உள்ளே இழுத்தால் சரி.

கருவியைவிட ரசாயன பாட்டில்கள் அதிகம் சொல்லும். காகிதத்தில் உள்ள ரேகையைக் காட்டும் நின்ஹைட்ரின் பாட்டிலின் சீல் உடையாமல் தூசி படிந்திருந்தால் அந்தச் சோதனை அங்கே நடப்பதில்லை என்று பொருள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். எடுத்த ரேகை, காய்ந்த டி.எல்.சி. தகடு, போட்டோ எதுவும் ஒட்டப்படாமல் வெறும் எழுத்தாக இருந்தால் அது புத்தகத்தைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு.

சில பொருட்கள் இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். போதைப்பொருள் மாதிரிகளை என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்ட அனுமதி இல்லாமல் கல்லூரியில் வைக்க முடியாது. தோட்டாக்களுக்கு ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். பாராசிட்டமால், ஆஸ்பிரின், கஃபீன் ஆகியவற்றை வைத்தே டி.எல்.சி.யை நன்றாகக் கற்றுக்கொடுக்கலாம்.

ஆசிரியர்களில் தடயவியல் முதுகலை படித்த ஒருவராவது நிரந்தரமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். வேதியியல் துறை தனியாக நன்றாக நடக்கும் கல்லூரி என்றால் கூடுதல் பலம்.

3. சான்றிதழ்கள்: மே மாதத்துக்கு முன்பே தயாராகட்டும்

பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். வருவாய்த்துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கூட்டம் மொத்தமாக அங்கே போகும், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் இருந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். மூன்றாவது பாடம் உயிரியலா, கணிதமா, கணினி அறிவியலா என்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும்.

இனிஷியல் பிரச்சினையை இப்போதே தீருங்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா சண்முகம்’, வங்கியில் ‘கவிதா எஸ்’ என்று இருந்தால் உதவித்தொகை முதல் கடைசியில் பட்டச் சான்றிதழ் வரை ஒவ்வொரு இடத்திலும் நிற்க வேண்டிவரும். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018ல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியிடம் இருக்கும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குறைந்தது ஐந்து செட் நகலும் எடுத்துவிடுங்கள்.

4. கட்டணம், உதவித்தொகை, திரும்பப் பெறுதல்

‘செமஸ்டருக்கு இவ்வளவு’ என்று வாயால் சொல்லும் தொகை டியூஷன் கட்டணம் மட்டும்தான். லேப் கட்டணம், தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், பஸ், ஹாஸ்டல், களப்பயணம் எல்லாம் தனித்தனியாக வரும். மூன்று ஆண்டுக்குமான பிரிவுவாரிப் பட்டியலைக் கல்லூரியின் லெட்டர்பேடில் முத்திரையுடன் வாங்குங்கள். கல்விக்கடனுக்கும் இதே கடிதம்தான் வேண்டும். கடிதத்தில் இல்லாத லேப் கட்டணத்துக்கு வங்கி பணம் தராது. கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் பங்காக மார்ஜின் பணம் போட வேண்டியதில்லை. வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்துவிட்டு, அச்செடுத்த நகலோடு வங்கிக் கிளைக்கும் நேரில் போங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம்.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வங்கியில் ஆதார் எண் கொடுத்திருப்பீர்கள், அது கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்புக்கு. அரசுப் பணம் வர, அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ. எனும் தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனத்தில் ஆதாரோடு சீடிங் ஆகியிருக்க (இணைக்கப்பட்டிருக்க) வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக சீடிங் செய்ததற்குத்தான் பணம் போகும். கிளையில் ‘டி.பி.டி. சீடிங் ஆகியிருக்கிறதா’ என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

சேர்ந்துவிட்டு வேறு இடம் கிடைத்து விலகினால், யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாகச் சொன்னால் முழுத் தொகை (அலுவலகச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்), அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதன் பிறகு எதுவும் இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தேதிக்கு அதுதான் சாட்சி.

சொந்தமாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: முழுக்கை பருத்தி லேப் கோட், கண்ணாடி, நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, பத்து மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்டீல் ஸ்கேல். பாலியெஸ்டர் கோட் வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

5. முதல் ஆண்டில் வேதியியலை விட்டுவிடாதீர்கள்

குற்றக்காட்சி, விரல்ரேகை என்று ஆசையோடு வருபவர்கள் முதல் ஆண்டு வேதியியல் பாடத்தில் அரியர் வைக்கிறார்கள். அரசுத் தடயவியல் ஆய்வகங்கள் வேதியியல், உயிரியல், இயற்பியல், நச்சியல் எனப் பிரிவுவாரியாக இயங்குகின்றன. ஆள் எடுப்பதும் பிரிவுவாரியாகத்தான். எந்தப் பிரிவுக்குப் போகப் போகிறீர்கள் என்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தீர்மானித்து, அந்த அடிப்படை அறிவியலை ஆழமாகப் படியுங்கள். விருப்பப் பாடம் தேர்வு செய்யும்போதும் அந்தப் பக்கமே சாயுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்த பட்டதாரியை எம்.எஸ்சி. சேர்க்கையிலும் யாரும் தேடுவதில்லை.

6. பிராக்டிகலில் கெட்டுப்போகும் இடங்கள்

மை ரேகை: மை அதிகமானால் ரேகைக்கோடுகளுக்கு இடையிலான பள்ளம் அடைந்துவிடும். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே முறை உருட்ட வேண்டும்; திரும்ப உருட்டினால் இரட்டைக் கோடு. விரல்களை உடலிலிருந்து வெளிநோக்கியும் பெருவிரலை உடலை நோக்கியும் உருட்டினால் கை முறுக்கில்லாமல் தளர்ந்து வரும்.

நின்ஹைட்ரின்: காகிதத்தில் உள்ள ரேகைக்கு. அசிட்டோனிலோ எத்தனாலிலோ கலந்த 0.5 சதவீதக் கரைசல் போதும். அறை வெப்பத்தில் ஊதா நிறம் முழுதாக வர ஒன்றிரண்டு நாள் ஆகும். ஒரு மணி நேரத்தில் ‘ரிசல்ட் இல்லை’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். ஏ.டி.எம். ரசீது போன்ற தெர்மல் காகிதத்தில் இந்தக் கரைசலைப் போட்டால் காகிதம் முழுக்கக் கறுத்துவிடும், எழுத்தும் போய்விடும். முதலில் காகித வகையைப் பாருங்கள், போட்டோ எடுங்கள், பிறகு தொடுங்கள்.

கேஸ்டில்-மேயர்: கறை ரத்தமா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் சோதனை. கறையைத் துடைத்த பஞ்சில் ஒரு துளி எத்தனால், பிறகு ரீஏஜென்ட், சில விநாடி பொறுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. வரிசை மாறக் கூடாது. பெராக்சைடு விடும் முன்பே இளஞ்சிவப்பு வந்தால் அங்கே பிளீச் போன்ற ஆக்சிஜனேற்றி இருக்கிறது. அந்தச் சோதனை செல்லாது. ஒரு நிமிடம் கழித்து மெல்ல வரும் நிறத்தையும் கணக்கில் எடுக்கக் கூடாது. பழைய பெராக்சைடு வீரியம் இழந்திருக்கும், உண்மையான ரத்தத்தையும் ‘இல்லை’ என்று காட்டிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் தெரிந்த ரத்தக்கறை ஒன்று, சுத்தமான பஞ்சு ஒன்று என இரண்டையும் கூடவே ஓட்டுங்கள். பாசிட்டிவ் வந்தாலும் ‘ரத்தமாக இருக்கலாம்’ என்றுதான் எழுத வேண்டும். சில காய்கறிகளின் பெராக்சிடேஸ் நொதியும் இதே நிறம் தரும். பழைய செய்முறைப் புத்தகங்களில் உள்ள பென்சிடின் சோதனையைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

ரத்தத்துளிக் கோணம்: கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கும்போதே பாட்டிலில் சோடியம் சிட்ரேட்டோ ஈ.டி.டி.ஏ.வோ போட்டு எடுத்துப்போங்கள். இல்லையென்றால் கல்லூரி வந்து சேர்வதற்குள் உறைந்துவிடும். சாய்த்த பலகையில் காகிதத்தை ஒட்டித் துளியை விழவிட்டு, கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 0.5, அதாவது 30 டிகிரி. நீளத்தை அளக்கும்போது நீள்வட்டத்தை மட்டும் அளக்க வேண்டும். வால் நுனி வரை அளந்தால் கோணம் குறைவாக வரும். கிட்டத்தட்ட எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான்.

காலணித் தடம்: 900 கிராம் டென்டல் ஸ்டோனுக்கு (பல் மருத்துவத்தில் அச்சு வார்க்கும் பவுடர்) ஏறக்குறைய 300 மி.லி. தண்ணீர், தோசை மாவுப் பதம். தடத்தின் மேல் நேராக ஊற்றினால் விவரம் அழியும். பக்கத்தில் ஊற்றித் தடத்துக்குள் ஓடவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து எடுக்கலாம், ஆனால் ஒட்டிய மண்ணைக் கழுவ ஒருநாளாவது காய வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விலை மலிவு. கழுவும்போது நுண்விவரம் போய்விடும். வார்ப்பதற்கு முன் ஸ்கேல் வைத்தும் வைக்காமலும், கேமராவைத் தடத்துக்கு நேர் மேலே 90 டிகிரியில் பிடித்துப் போட்டோ எடுங்கள்.

ஊமத்தை விதை: நம் ஊரில் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. மிளகாய் விதையோடு குழப்பிக் கேட்பது வைவாவில் வழக்கம். இரண்டையும் நீளவாக்கில் வெட்டி ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மிளகாய் விதையில் கரு 6 என்ற எண்போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஊமத்தையில் வெளிநோக்கி வளைந்திருக்கும். மேல்தோலும் ஊமத்தையில் சிறுநீரக வடிவில் குழிகுழியாகப் பழுப்பாக இருக்கும்; மிளகாய் விதை மஞ்சளாக வழவழப்பாக இருக்கும். விதையை வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், கையுறையோடு தொடுங்கள்.

பொட்டலம்: ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதையும். தீவிபத்து இடத்து எச்சம் நேர் எதிர். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆவி தப்பாமல் இருக்கக் காற்றுப் புகாத டின் வேண்டும்.

ரெக்கார்டில் வைட்னர் தொடவே கூடாது. தவறை ஒரே கோட்டால் அடித்து, கையொப்பமும் தேதியும் போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பின்னாளில் சாட்சிக் கூண்டில் உங்கள் குறிப்பைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். இந்தக் கைப்பழக்கம் முதல் செமஸ்டரிலேயே வர வேண்டும்.

7. சட்டப் பாடத்துக்குப் பழைய நோட்ஸ் வேண்டாம்

சீனியர் கொடுக்கும் நோட்ஸில் இன்னமும் இந்திய சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவு இருக்கும். வல்லுநர் கருத்து இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்துக்கான 65பி இப்போது 63. அதன் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) குறிப்பிட வேண்டும். அரசு அறிவியல் வல்லுநர் அறிக்கையைப் பற்றிய கு.ந.ச. 293, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 329. சந்தேக மரண விசாரணையின் 174 இப்போது 194. கொலைக்கான இந்திய தண்டனைச் சட்டம் 302, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவே பொருந்தும் என்பதால் இரண்டு எண்ணையும் தெரிந்துவைத்திருங்கள்.

ஹாஷ் என்னவென்று வீட்டிலேயே பழகலாம். எஃப்.டி.கே. இமேஜர், ஆட்டோப்ஸி என்ற மின்னணுத் தடயவியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பழைய பென் டிரைவ் ஒன்றை இமேஜ் (முழு நகல்) எடுத்து ஷா-256 எனும் ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒரு ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்து மறுபடி எடுங்கள். மதிப்பு முழுக்க மாறியிருக்கும். எழுதுவதைத் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி இல்லாமல் செருகினாலே விண்டோஸ் அதில் எதையாவது எழுதிவிடக்கூடும் என்பதும் அப்போது புரியும்.

8. இன்டர்ன்ஷிப்

மாநிலத் தடயவியல் துறையின் தலைமையகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது; மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களில் வட்டார ஆய்வகங்கள் உண்டு. தனியாகப் போய் நின்றால் நடக்காது. துறைத்தலைவரின் கடிதம், போனஃபைடு சான்று, அடையாள அட்டை நகல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம் ஆகியவற்றோடு கல்லூரி மூலமாக எழுத வேண்டும். பதில் வர நாளாகும், இடமும் குறைவு. ஐந்தாம் செமஸ்டர் விடுமுறைக்கு வேண்டுமென்றால் நான்காம் செமஸ்டர் நடக்கும்போதே கடிதம் போகட்டும். உண்மையான வழக்குப் பொருளைத் தொடவிட மாட்டார்கள், விடவும் கூடாது.

கிடைக்கவில்லையென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற உணவு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். கருவி அளவுத்திருத்தம், மாதிரிப் பதிவு, அறிக்கை எழுதும் ஒழுங்கு எல்லாம் அங்கே கற்கலாம். மூன்று நாள் ‘குற்றக்காட்சி வொர்க்‌ஷாப்’ சான்றிதழ் பத்து வைத்திருப்பதைவிட இந்த ஒரு மாதம் மேல்.

9. படித்து முடித்ததும்

அரசுத் தடயவியல் ஆய்வகத்தின் நிரந்தரப் பணி எதற்கும் கல்லூரி வளாக நேர்காணலில் ஆள் எடுப்பதில்லை. மாநில ஆய்வகத்தின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி., காவல்துறையின் விரல்ரேகை உதவி ஆய்வாளர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எனப் போட்டித் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. பழைய அறிவிப்புகளை எடுத்துக் கல்வித்தகுதிப் பகுதியை இப்போதே படித்துப் பாருங்கள். ‘சி.பி.ஐ.யில் பிளேஸ்மென்ட்’ என்று சொல்லும் கல்லூரியிடம் பணி நியமன ஆணையின் நகலைக் கேளுங்கள்.

ஆய்வகத்துக்குள் போக முதுகலை கிட்டத்தட்டக் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடயவியல் பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதன் விண்ணப்பம் உங்கள் ஆறாம் செமஸ்டர் நடக்கும்போதே திறந்து மூடிவிடும்; ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு போய்விடும். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. தடயவியல் உண்டு. ஆசிரியர் பணிக்கோ ஆய்வுக்கோ போக நினைப்பவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் தடயவியல் தனிப் பாடம், எண் 82.

கடைசித் தேர்வு முடிந்ததும் வாங்க வேண்டியவை: புரொவிஷனல் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் மைக்ரேஷன் சான்றிதழ் தனி; அதைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், ரிசல்ட் வந்த வாரமே போடுங்கள். இவற்றோடு ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் முதல்வரின் கையொப்பம், முத்திரையோடு இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சமநிலை கேட்டு விண்ணப்பிக்கும்போதும் வெளிமாநில, வெளிநாட்டுச் சேர்க்கையிலும் அதைக் கேட்பார்கள். சிறிய கல்லூரிகளில் பாடப்பிரிவே நான்கைந்து ஆண்டில் நிறுத்தப்பட்டுவிடலாம். அதன் பிறகு அந்தப் பழைய பாடத்திட்டத்தைத் தேடித் தர அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.